ஏழாம் எண் மணியின் நூல்

ஜனவரி 27

அலுவலகத்துக்கு எழுதும் நாட்குறிப்பில் 'நான்' வரக்கூடாது. 'கண்டெடுக்கப்பட்டது', 'அளவிடப்பட்டது', 'பதிவு செய்யப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும். யார் கண்டெடுத்தது, யாருக்கு இடுப்பு ஒடிந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத சங்கதி. அதற்காகத்தான் இந்த நோட்டு. இதில் நான் வைத்ததுதான் சட்டம்.

இன்று சங்குமேட்டில், மூன்றாம் குழியில், ஐந்தடி ஆழத்தில், அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் நான் பதினொரு கண்ணாடி மணிகளைக் கண்டெடுத்தேன். நான். ஹஃப்ஸா பீவி, வயது முப்பத்து நான்கு, அகழாய்வில் சிறுபொருள் பதிவாளர்.

எங்கள் இயக்குநர் கோதண்டபாணி சார் பேன்ட் முழங்காலில் மண் படுவதை விரும்பாதவர். இன்று அவரே மண்டியிட்டார். மணிகள் கருநீலம். கொண்டைக்கடலை அளவு. ஒவ்வொன்றிலும் மூன்று கண்கள்: வெள்ளை வளையம், அதற்குள் மஞ்சள், நடுவில் சிவப்புப் பொட்டு. உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் கண்களைப் பதித்திருக்கிறார்கள். அரபு நாட்டுப் பட்டறை வேலை, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து தொள்ளாயிரம் வருடமாவது இருக்கும் என்றார் சார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

வரும் வழியில் என் மகள் சுமையாவுக்கு இளநீர் வாங்கினேன். பாதி குடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மீதியை நான் குடித்தேன்.

ஜனவரி 30

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அது எதற்குப் பயன்பட்டது என்று எழுத வேண்டும். "அணிகலன்னு போடும்மா," என்றார் சார்.

"காவல் மணி சார். கண்ணேறு படாம இருக்கப் பிள்ளைக்குக் கட்டினது."

"ஆதாரம்?"

ஏழாம் எண் மணியை எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, தோலோடு உரசிக்கொண்டே கிடந்த பக்கம். கண்கள் இருக்கும் பக்கம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கிடந்த வளையல் துண்டின் வளைவை அளந்தால் என் இரண்டு விரல் உள்ளே போகும், அவ்வளவுதான். குழந்தை இருந்த வீடு அது.

"தேய்மானம் கழுத்துல போட்டாலும் வரும். நூல் இருக்கா? முடிச்சு இருக்கா? ஒத்தை மணியா கட்டினாங்களா, மாலையா கோத்துப் போட்டாங்களா, எப்படித் தெரியும்? நம்ம ஆசையையெல்லாம் மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுக்கக்கூடாதும்மா."

அணிகலனாம். எதிரே வருகிற கண்ணை முறைப்பதற்கென்றே மூன்று கண் வைத்துச் செய்த பொருள் அழகுக்காகவாம். 'அணிகலன் (காவல்?)' என்று எழுதி நீட்டினேன். அவர் 'காவல்' என்பதை மட்டும் அடித்தார். இப்போது அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி தனியாக நிற்கிறது.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. அந்தக் காலத்துத் தாய் ஒருத்தி நம்பினாள் என்றுதான் சொல்கிறேன். அது வேறு, இது வேறு.

பிப்ரவரி 4

மதுரை ஆஸ்பத்திரி. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் உள்ள வால்வு இறுகிவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். இருபதாம் தேதி ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து செய்வது. சுமையாவுக்கு வருகிற ஜூலையில்தான் நாலு வயது முடிகிறது.

"நூத்துல தொண்ணூத்தஞ்சு பிள்ளைங்க நல்லா ஆயிடுறாங்கம்மா," என்று டாக்டர் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

பஸ்ஸில் என் கணவர் இஸ்ஹாக் பரமக்குடி வரை பேசவில்லை. போட் இன்ஜின் மெக்கானிக். சத்தத்திலேயே வேலை செய்து பழகியதாலோ என்னவோ, வெளியே வந்தால் பேச்சு குறைவு. பரமக்குடி தாண்டியதும் கேட்டார்: "மிச்சம் அஞ்சு பேரு?"

"கடலை சாப்பிடுங்க மச்சான், நமத்துப் போயிடும்," என்றேன்.

பிப்ரவரி 5

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 6

சுமையாவின் பாலர் பள்ளிச் சீருடையைத் துவைத்தேன். அவள் போன மாதமே பள்ளிக்கு நின்றுவிட்டாள். இருந்தாலும் அழுக்கு அழுக்குதானே.

பிப்ரவரி 9

ஜெய்னம்பு மச்சி வந்துவிட்டார். இஸ்ஹாக்கின் அக்கா, பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர். ஆபரேஷன் முடியும்வரை எங்களோடு இருக்கப் போகிறார். சமையலறையை வந்த அரைமணி நேரத்தில் கைப்பற்றினார். மீன் ஆணத்தில் நான் புளி குறைவாகப் போடுகிறேன் என்பது அவருடைய பத்து வருடக் குற்றச்சாட்டு.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெண்கள் நாலு பேரும் ஒரே பாட்டு: "பெருநாளைக்குப் பச்சைப் பாவாடை போட்டு எம்புட்டு அழகா இருந்துச்சு. எவ கண்ணு பட்டுச்சோ." நான் முகத்துக்கு நேராகச் சொன்னேன், "பிறக்கும்போதே வால்வு அப்படித்தான் இருந்துச்சு. அப்ப யாரும் பார்க்கவே இல்ல."

அவர்கள் போனபின் மச்சி சொன்னார். "கண்ணூறு உண்டு புள்ள, இல்லேங்காத. ஆனா அதுக்கு ஓதித்தான் பார்க்கணும். கயித்தக் கட்டுறது, மணியக் கட்டுறது எல்லாம் ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது. காப்பாத்துறவன் அல்லாஹ் ஒருத்தன்தான்." தினமும் மூன்று வேளை சுமையாவின் தலையில் கைவைத்து ஓதி, ஊதுகிறார். ஊதட்டும். ஊதுகிற காற்றில் கேடு ஒன்றுமில்லை. சுமையாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம், சிரிக்கிறாள்.

பிப்ரவரி 15

நாளை முதல் விடுப்பு. கிளம்புமுன் மணித் தட்டைச் சரிபார்த்தேன். பதினொன்று என்று பதிவேட்டில் எழுதி, பீரோவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன். சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும்.

தட்டில் இருந்தது பத்து.

களைத்துப் போனவர்களுக்கு எண்ணிக்கை தவறுவது சகஜம்.

மணியின் துளைக்குள் இருக்கும் மண்ணைத் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வெளியே தூரிகையால் துடைக்கலாம், துளையை அப்படியே விட்டுவிட வேண்டும். பழைய நூலின் இழை ஒன்று, மெழுகின் துணுக்கு ஒன்று, ஏதாவது அந்த மண்ணுக்குள் ஒட்டியிருக்கலாம். அப்படியும் ஒருவருக்கு அந்த மண்ணை எடுக்க வேண்டிய அவசியம் வந்தால், ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெள்ளைத் தாளில் விட்டு, மடித்து, மேலே எண் எழுதி வைக்க வேண்டும். ஒரு பொடி சிந்தக்கூடாது.

சிந்தவில்லை. இழை எதுவும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்தும் பார்த்தேன். வெறும் மண்தான்.

பிப்ரவரி 16

காலையில் மச்சியின் கண் நேராக சுமையாவின் இடது மணிக்கட்டுக்குப் போனது. கறுப்பு நூல், அதில் ஒரே ஒரு மணி, மணி புரண்டுவிடாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு.

"இது என்ன புள்ள?"

"மணி மச்சி."

"அது தெரியுது. எதுக்கு?"

"அழகுக்கு. அணிகலன். எங்க சாரே பதிவேட்டுல அப்படித்தான் எழுதச் சொன்னாரு."

மச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு கண்ணு வச்ச மணிய, கறுப்பு நூல்ல, ஆபரேஷனுக்கு நாலு நாளைக்கு முன்ன, அழகுக்குக் கட்டியிருக்கே."

"ஆமா."

"கழட்டு."

"மாட்டேன்."

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். ஆணத்தில் புளியை அள்ளிப் போட்டிருந்தார், வாய் வைக்க முடியவில்லை.

சுமையா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உம்மா, இது என்னையப் பார்க்குது."

"உன்னையப் பார்க்கல. வெளியப் பார்க்குது."

பிப்ரவரி 19

அட்மிஷன். ஏழாவது கட்டில். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள்: பதினோரு கிலோ எண்ணூறு. செலின் என்று ஒரு நர்ஸ், ஐம்பது வயது இருக்கும், வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நாளைக்குக் காலையில கம்மல், வளையல், கயிறு ஒண்ணும் உடம்புல இருக்கக்கூடாது," என்றார்.

"எல்லாம் கழட்டிட்டேன் சிஸ்டர்."

"இது?"

"இது இருக்கட்டும்."

"தியேட்டருக்குள்ள விட மாட்டாங்கம்மா."

"இது போகலைன்னா பிள்ளையும் போகாது."

என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்துக் கட்டிலில் தூங்கிய குழந்தை முழித்துவிட்டது. மச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செலின் சிஸ்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சுமையாவின் கையைப் பிடித்து மணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குக் காலையில நானே கழட்டி, ஒரு சின்ன கவர்ல போட்டு, கேஸ் ஷீட் அட்டையில குத்தி விடுறேன். கேஸ் ஷீட் பிள்ளையோடதான் உள்ள போகும். போதுமா?"

"போதும்."

படித்தவள் நான். எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 20

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கேஸ் ஷீட் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது, கவரும் இருந்தது. பார்த்தேன்.

எட்டு மணி. இட்லி.

ஒன்பதரை. இஸ்ஹாக் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், ஒரு மாடிக்கு இருபத்திரண்டு படி.

பதினொன்று. மச்சி தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. முழங்கால் வலிக்காரர். பிள்ளையை உள்ளே கொண்டுபோகும்போது அவர் கவரைப் பார்த்தார், பிய்த்து எறிவாரோ என்று நான் குறுக்கே நின்றேன். ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மூடி ஓதினார்.

பன்னிரண்டே கால். அடுத்த மாதம் அனுப்ப வேண்டிய பானை ஓட்டுப் பட்டியலில் நாற்பது எண் வரை மனதுக்குள் சரிபார்த்தேன்.

ஒன்று பத்து. டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் கிடக்க, எல்லாரும் பார்க்க அழுதேன். மச்சி வந்து என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 23

ஐ.சி.யூ.வில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். உடம்பு முழுக்கக் குழாய். இடது கையில் மணி. செலின் சிஸ்டரே மறுபடி கட்டிவிட்டாராம், நான் கேட்கவில்லை.

சுமையா கேட்ட முதல் பொருள் ஊறுகாய்.

மார்ச் 3

வீடு. மூச்சு வாங்காமல் கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தாள். அங்கே நின்று திரும்பி எங்களைப் பார்த்தாள், ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறீர்கள் என்பது மாதிரி.

"இப்பவாவது கழட்டு," என்றார் மச்சி.

"கழட்டுவேன். நீங்க சொன்னதுக்காக இல்ல. அது என்னோடது இல்ல, அதுக்காக."

கத்தரிக்கோலால் நூலை வெட்டி உருவினேன். ஒரு முடிச்சு வந்தது. இன்னொன்றைக் காணோம், பாயில் எங்கேயாவது விழுந்திருக்கும்.

மார்ச் 5

வேலைக்குத் திரும்பினேன். இனி மறைத்து எழுத என்ன இருக்கிறது? ஏழாம் எண் மணியைப் பதினாறு நாள் என் மகள் கட்டியிருந்தாள். இன்று அதைத் திரும்ப வைத்தேன்.

வைத்த விதத்தையும் எழுதுகிறேன். மடித்து வைத்த தாளைப் பிரித்தேன். அதே மண், அதே எண். ஒரு துளி காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, ஊசியால் துளைக்குள் அடைத்து, நிழலில் உலரவைத்தேன். லென்ஸில் பார்த்தேன். தொள்ளாயிரம் வருடமாக யாரும் தொடாத மணி மாதிரியே இருந்தது. எடுத்த மண்ணைக்கூடத் திருப்பி வைக்கிற திருடனை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இப்போது தட்டில் பதினொன்று. பதிவேடு சொல்வதும் பதினொன்று. சண்டை தீர்ந்தது.

மார்ச் 7

மதுரைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மூன்று மணிகளை அனுப்பச் சொன்னார் சார். அவரே பொறுக்கினார். இரண்டு, ஏழு, பத்து. "ஏழுதான் இருக்கிறதிலேயே நல்ல நிலையில இருக்கு," என்றார். நானே பெட்டி கட்டினேன்.

மார்ச் 14

ஆய்வகத்திலிருந்து அமலி போன் செய்தாள். மைக்ராஸ்கோப் வேலை பார்ப்பவள், என்னைவிட ஆறு வயது இளையவள், நாங்கள் ஒன்றாக இரண்டு பருவம் தோண்டியிருக்கிறோம். போனில் மூச்சுவிடாமல் பேசினாள்.

"ஹஃப்ஸாக்கா, நூல் இருக்குக்கா! ஏழாம் நம்பர்ல, மண்ணுக்கு உள்ள! பஞ்சு நூல், முறுக்குகூட அப்படியே இருக்கு. முடிச்சுக்கா, ஒரு முடிச்சு, துளையோட வாய்க்குக் கொஞ்சம் உள்ள! மாலையா கோத்தா அங்க முடிச்சு வராது. ஒத்தை மணியா கட்டியிருக்காங்க. நீங்க சொன்னதுதான். காவல் மணி!"

பாயில் விழவில்லை அந்த முடிச்சு.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ "சந்தோஷம்" என்றேன் போலிருக்கிறது. அடுத்த பத்தாவது நிமிடம் சார் என் மேசைக்கு வந்தார். கையில் பதிவேடு. என் முன்னாலேயே 'அணிகலன்' என்பதை அடித்து, தன் கையால் 'காவல்' என்று எழுதினார். "நான் தப்பும்மா. நீ சரி," என்றார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் யாரிடமும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பத்தொன்பதாம் தேதி பத்திரிகைக்காரர்களை அழைக்கிறாராம். ஆய்வுக் கட்டுரையில் என் பெயர்தான் முதலில் வருமாம், அடுத்தது அமலி.

வீட்டுக்கு வந்து இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். தேவைக்கு இருந்தது, ஆனாலும் பிடித்தேன்.

மார்ச் 15

அமலியிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன், நூலின் வயதைச் சோதிப்பீர்களா என்று. "அதுக்கு நூலையே எரிக்கணும்க்கா. இருக்கிறதே அரை நகம் அளவுதான். சார் தொடவே கூடாதுன்னுட்டாரு. அப்படியே கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க."

ஆக, ஒருவருக்கும் எப்போதும் தெரிய வராது.

இஸ்ஹாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சொன்னா வேலை போயிருமா?"

"போயிடும்."

"சொல்லலைன்னா?"

"நான் ஜெயிச்சுடுவேன் மச்சான்."

"அப்ப ஜெயிச்சிட்டுப் போயேன். யாருக்கு நட்டம்?"

அந்தக் கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் தேடினேன். எனக்கு நட்டமில்லை, சாருக்கு இல்லை, அமலிக்கு இல்லை. அந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் நட்டம். அவளும் தன் பிள்ளை கையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பாள். அவள் நூல் மண்ணோடு மக்கிப் போயிற்று. அவள் பிள்ளை பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்த வலிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் நான் சாரோடு சண்டை போட்டேன். இப்போது அவள் முடிச்சு என்று சொல்லி, ராமநாதபுரம் பஜாரில் வாங்கிய நூலில் நான் போட்ட முடிச்சை விளக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள். அவளிடமிருந்து மணியை இரவல் வாங்கினேன், அது போகட்டும். அவள் இடத்தில் நானே போய் உட்கார மாட்டேன்.

மார்ச் 16

முதலில் அமலிக்குச் சொன்னேன், அதுதான் முறை. போனில், ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "ஏன்க்கா எங்கிட்டச் சொன்னீங்க?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. வைத்துவிட்டாள். முனைவர் பட்டத்துக்கு அந்த நூலை நம்பியிருந்தாள். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

பிறகு சார். குழிக்கு மேலே குடை நிழலில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். எடுத்தது, கட்டியது, திரும்ப வைத்தது, மண்ணை அடைத்தது, எல்லாம். அவர் கேட்ட முதல் கேள்வி எதிர்பாராதது.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார்."

தலையாட்டினார். "மண்ணை ஏம்மா அடைச்சே? வெறும் துளையா வச்சிருந்தா, துடைச்சிட்டாங்கன்னு ஒரு திட்டோட போயிருக்கும். நீ அடைச்ச அழகுல நான் உலகத்துக்கே சொல்ல இருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்ச வேலையை ஒழுங்கா செஞ்சேன் சார்."

"ஒழுங்கா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பத்திரிகைக் கூட்டத்தை ரத்து செய்ய நாலு இடத்துக்குப் போன் பேசினார். என்னைப் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மார்ச் 18

மச்சி ஊருக்குத் திரும்புகிறார். புறப்படும்போது சொன்னார், "நீ கட்டுனது தப்பு புள்ள. இன்னைக்கும் அதேதான் சொல்லுவேன்."

"நானும் அன்னைக்குச் சொன்னதேதான், மச்சி."

"என்ன சொன்னே?"

"மாட்டேன்னு."

சிரித்துவிட்டார். புளி டப்பாவை நிறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், என்னை நம்பாமல்.

மார்ச் 22

சுமையா ஓடினாள். பத்து அடிதான் இருக்கும். கோழியைத் துரத்திக்கொண்டு. நான் "ஓடாதே" என்று கத்திவிட்டு, அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டேன்.

அமலிக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 29

விசாரணை, மதுரை அலுவலகத்தில். நீள மேசை, மூன்று பேர். நடுவில் துணை இயக்குநர் அம்மா, கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்க்கிற பழக்கம். ஒரு பக்கம் கோதண்டபாணி சார், மறுபக்கம் எழுத்தர்.

தட்டச்சு செய்த ஒரு தாளை என் முன்னால் வைத்தார்கள். என் வாக்குமூலமாம், நான் பேசுமுன்பே தயாராக இருந்தது. "மகளின் உடல்நலக் குறைவால் ஏற்பட்ட கடும் மன உளைச்சல் காரணமாகவும், மூடநம்பிக்கைக்கு ஆட்பட்டும், நான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில்..." என்று போனது. அதில் 'நான்' வந்திருந்தது, அதுவரைக்கும் முன்னேற்றம்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா எச்சரிக்கையோட முடிச்சுக்கலாம்," என்றார் துணை இயக்குநர். "அடுத்த பருவத்துல திரும்ப வரலாம். உங்க டைரக்டர்தான் உங்களுக்காக இவ்வளவு பேசி இதை எழுத வச்சார்."

சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன், உண்மையாகவே சொன்னேன். அந்த வேலை எனக்கு வேண்டும். மண்ணைக் கையில் எடுக்காமல் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தேன்.

'மன உளைச்சல்' என்பதை அடித்தேன். 'மூடநம்பிக்கை' என்பதை அடித்தேன். 'அறியாத நிலையில்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன்: "தெளிந்த மனதோடு எடுத்தேன். என் மகளுக்குக் கட்டினேன். கட்டியபோது நம்பினேன். பொருளைச் சேதமில்லாமல் திருப்பி வைத்தேன். துளையில் இருந்த நூலும் முடிச்சும் என்னுடையவை. அவற்றைப் பழையவை என்று யாரும் நினைக்க நேர்ந்தது என் குற்றம், அந்தக் குற்றத்துக்கு மட்டும் வருந்துகிறேன்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

துணை இயக்குநர் படித்தார், கண்ணாடியை இறக்கினார். "இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா உங்களுக்கு? நான் உங்களைத் திரும்ப எடுக்கவே முடியாது."

"தெரியும் மேடம்."

"அப்ப ஒண்ணு கேட்கிறேன், எழுதிக்க மாட்டோம். இதே நிலைமை திரும்ப வந்தா, திரும்பவும் எடுப்பீங்களா?"

"எடுப்பேன் மேடம்," என்றேன். "ஆனா மண்ணைத் திரும்ப அடைக்க மாட்டேன்."

கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினேன். மூன்றே காலுக்கு ராமநாதபுரம் பஸ். பிடித்துவிட்டேன்.